கம்பெனி பதில் சொல்லட்டும், ஆனால் எல்லார் கண்ணெதிரிலும் சொல்லட்டும்

கேள்வி இதுதான்: வாடிக்கையாளர்கள் தங்கள் புகார்களைப் பொதுவில் எழுதும் இடங்களில் சம்பந்தப்பட்ட கம்பெனிகளையும் பதில் எழுத விடலாமா? "ஏமாந்தவன் மனசு விட்டுச் சொல்ல இருக்கிற ஒரே இடம் அது, அங்கேயும் கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்தால் அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?" என்று கேட்டவர் கவலைப்படுகிறார். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் விட வேண்டும் என்பதுதான் என் பதில். கம்பெனிமேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, புகார் கொடுத்தவருக்கு அது லாபம் என்பதால் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷமாக எங்கள் ஊர் நுகர்வோர் சங்கத்தில் வாரம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புகார் மனு எழுத உதவி செய்கிறேன். கம்பெனி வாய் திறந்து பேசியதால் கெட்டுப்போன புகார் என்று யோசித்தால் ஒன்றிரண்டுதான் நினைவுக்கு வருகிறது. கம்பெனி வாயே திறக்காததால் இழுத்துக்கொண்டே போய், கொடுத்தவரே சலித்து விட்டுவிட்ட புகார்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன.

ஒரு பிரிட்ஜ் விஷயத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 27,500 ரூபாய் கொடுத்து டபுள் டோர் பிரிட்ஜ் வாங்கினார். நாலாவது மாசமே குளிர்ச்சி நின்றுவிட்டது. பால் திரிந்ததும் மாவு புளித்ததும்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மனைவிக்குப் போடும் இன்சுலினைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அதுதான் அவரை வேதனைப்படுத்தியது. கஸ்டமர் கேருக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் "நாளைக்கு டெக்னீஷியன் வருவார்" என்ற ஒரே பதில். ஒருநாள் வந்தவர், மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, போனுக்கு வந்த 'ஹேப்பி கோட்' நம்பரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நம்பரைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று கணக்கு மூடப்படும் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. (இந்த ஒரு விஷயத்தை எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: மெஷின் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் அந்த நம்பரைக் கொடுக்கவே கூடாது.)

அவருடைய பேரன் இதையெல்லாம் பில் படத்தோடு பொதுவில் எழுதினான். மறுநாள் கம்பெனியின் அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம், கம்ப்ரசர் மாற்ற வேண்டியிருக்கிறது, பாகம் வந்ததும் ஏழு நாளில் சரிசெய்து தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஏழு நாள் நாற்பது நாளாகியும் பாகம் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனோம். அங்கே கம்பெனி கொடுத்த எழுத்துப்பூர்வ பதிலில் கதையே வேறு: பொருளில் குறை இல்லை, வாடிக்கையாளர் ஸ்டெபிலைசர் போடாததால் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் வந்த கோளாறு, கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கிறது என்று இருந்தது. நாங்கள் பேரன் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை, மின்னணு ஆவணத்துக்குரிய சான்றோடு சேர்த்துக் கொடுத்தோம். கம்ப்ரசர் நன்றாக இருந்தால் அதை மாற்றுகிறேன் என்று ஏன் எழுதினீர்கள் என்று ஆணையம் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீலிடம் பதில் இல்லை. பிரிட்ஜ் பணமும், மன உளைச்சலுக்கு 15,000 ரூபாயும், செலவுத் தொகையும் கிடைத்தன.

அந்த வழக்கை ஜெயித்துக் கொடுத்தது கம்பெனி தானே எழுதிய இரண்டு வரி. "இங்கே கம்பெனிக்காரர்கள் எழுதக் கூடாது" என்று விதி இருந்திருந்தால் அந்த இரண்டு வரி பிறந்தே இருக்காது. போனில் சொன்னது காற்றோடு போகும், டெக்னீஷியன் வாசலில் நின்று சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது. பொதுவில் எழுதியதை அப்படி மறுக்க முடியாது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி (2020 ஜூலை 20ல் நடைமுறைக்கு வந்தது) மாவட்ட ஆணையத்தில் புகார் ஏற்கப்பட்டதும் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர்கள் 30 நாளுக்குள் தங்கள் தரப்பை எழுதித் தர வேண்டும், ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம், அதோடு சரி. பழைய 1986ம் வருஷச் சட்டத்திலும் இதே கணக்குதான். அந்த 45 நாளைத் தாண்டி ஆணையத்தால் அவகாசம் கொடுக்க முடியுமா என்ற சண்டை வருஷக்கணக்கில் ஓடி, 2020 மார்ச் 4ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 45 நாளில் பதில் தராத கம்பெனி, எழுத்தில் பதில் தரும் வாய்ப்பையே இழக்கிறது. பதில் சொல்ல வாசல் திறந்து வைத்திருக்கிறது சட்டம், ஆனால் அந்த வாசலுக்கு நேரமும் வைத்திருக்கிறது, பேசாமல் இருந்தால் அதற்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது. பொதுவெளிப் புகார்களில் இந்த விலைதான் இல்லை. கம்பெனி சும்மா இருந்தால் அதற்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நாமே தடை போட்டுவிட்டால், அப்படிச் சும்மா இருப்பதற்கு நாமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, மிரட்டல்? உண்மையில் கனமான எதிர்வாதம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிய கம்பெனிகள் புகாருக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பொதுவில் எழுதும் பதில், இன்னொன்று வக்கீல் நோட்டீஸ். மூன்று நாளில் பதிவை நீக்காவிட்டால் அவதூறு வழக்கு போடுவோம் என்று வரும் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் வெளிறிப்போய் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். நம் நாட்டில் அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 499ம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356ம் பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை. பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும் என்ற பயம் போதும், பாதிப் பேர் பதிவை அழித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு ஆன்லைன் கடை, தன்னைப் பற்றிக் குறையாக எழுதிய தம்பதியிடம் 3,500 டாலர் அபராதம் கேட்ட கதை பெரிய விவகாரமானது. 2016ல் அங்கே சட்டமே கொண்டுவந்து, குறை சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவைக்கும் வாய்ப்பூட்டுகள் செல்லாது என்று ஆக்கினார்கள்.

ஆனால் பாருங்கள், இந்த மிரட்டல் நடப்பது பொதுவெளிக்கு வெளியே. கூரியரில் வருகிறது, தனிச் செய்தியில் வருகிறது, போனில் வருகிறது. பொதுவில் பதில் எழுதத் தடை போட்டால் இது நிற்கப் போவதில்லை, கம்பெனிக்கு மிச்சமிருக்கும் ஒரே வழியாகத்தான் ஆகும். அதனால் என் கோரிக்கை நேர் எதிரானது: கம்பெனி பதில் எழுதலாம், ஆனால் அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. புகார்களை வெளியிடும் தளங்களுக்கும் இதில் பிடிமானம் இருக்கிறது. 2015ல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான், மற்றவர்கள் எழுதுவதை வெளியிடும் தளம் ஒரு பதிவை நீக்கக் கடமைப்பட்டது என்று தெளிவாக்கியது. ஒரு கம்பெனியின் வக்கீல் கடிதத்தைப் பார்த்துப் பதறி எடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. "உங்கள் தரப்பை அடியில் எழுதுங்கள், எடுக்க மாட்டோம்" என்று ஒரு தளம் தைரியமாகச் சொல்ல வேண்டுமானால், எழுத இடம் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்து, பதில் என்ற பெயரில் வரும் வெற்று வரி. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், விவரங்களைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்." இதை நான் பதிலாகவே எண்ணுவதில்லை. பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி அக்கறையாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே போனால் அதே 'நாளைக்கு வருவார்'. பில் நம்பர், போன் நம்பர் வாங்கத் தனிச் செய்திக்குக் கூப்பிடுவது நியாயம், அதைப் பொதுவில் கேட்கக் கூடாதுதான். ஆனால் உள்ளே போன விஷயம் என்ன ஆயிற்று என்று திரும்ப வெளியே வந்து எழுத வேண்டும். பணம் கொடுத்தோம், அல்லது கொடுக்க மறுத்தோம், காரணம் இது. அப்படி எழுதாத வரைக்கும் அந்தப் புகாருக்கு மேலே 'தீரவில்லை' என்றுதான் போட வேண்டும், தீர்ந்தது என்று அறிவிக்கும் உரிமை புகார் கொடுத்தவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். ஹேப்பி கோட் கதை பொதுவெளியிலும் நடக்கக் கூடாது.

அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வங்கிகள், கடன் கம்பெனிகள் மீதான புகார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இதில் நல்ல பாடம். 2015லிருந்து, புகார் கொடுத்தவர் சம்மதித்தால் அவர் எழுதிய விவரத்தையே, பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டு, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். கம்பெனிக்கு 15 நாள் கெடு, சிக்கலான விஷயம் என்றால் 60 நாள் வரை. கம்பெனி பதில் சொல்லாவிட்டாலும் 15 நாள் முடிந்தால் புகார் வெளியே வந்துவிடும், அதாவது மௌனத்தால் தடுக்க முடியாது. இது வரைக்கும் அருமை. ஆனால் கம்பெனி பொதுவில் சொல்லும் பதிலைச் சொந்த வார்த்தையில் எழுத விடாமல், தயார் செய்த பட்டியலிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதில் 'பொதுவில் பதில் சொல்ல விரும்பவில்லை' என்பதும் ஒரு தேர்வு. விளைவு, அந்தப் பதில்களைப் படிப்பவருக்கு ஒன்றுமே தெரிய வராது. கெடு இருந்தும் பேச்சு இல்லாமல் போயிற்று. சொந்த வார்த்தையில் எழுத வைத்திருந்தால் எத்தனை முரண்பாடுகள் வெளியே வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் ஊரில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. தமிழ் உட்பட 17 மொழிகளில் புகார் சொல்லலாம், அவர்களோடு இணைந்திருக்கும் கம்பெனிகளுக்குப் புகார் நேராகப் போகும், கம்பெனி கொடுக்கும் பதில் உங்களுக்கு வரும். வழக்குக்குப் போகும் முன் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன், நிறையப் பேருக்குப் பணம் திரும்பியிருக்கிறது. குறை என்னவென்றால் அந்தப் பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதே மாடல் மிக்ஸி வாங்கி அதே கோளாறோடு தவிக்கும் அடுத்த ஊர்க்காரருக்கு அது போய்ச் சேராது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண், திருப்பி அனுப்பிய செருப்புக்குப் பணம் வரவில்லை என்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் பொதுவில் எழுதினாள். பத்து நிமிஷத்துக்குள் பதில். கம்பெனியின் லோகோ, பெயரோடு 'ஹெல்ப்' என்று ஒரு ஒட்டு. ஒரு படிவத்தில் போன் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்ததும் அழைப்பு வந்தது, மிக மரியாதையான பேச்சு. பணம் உடனே வர ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். அது போன் திரையை அப்படியே எதிராளிக்குக் காட்டும் ஆப். அடுத்த அறையிலிருந்து அண்ணன் வந்து போனைப் பிடுங்கியதால் அக்கவுண்டில் இருந்த செமஸ்டர் பணம் தப்பியது. உண்மையான கம்பெனியின் பதில் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தது. கம்பெனி காலியாக விட்ட நாற்காலியில் ராத்திரியே திருடன் வந்து உட்கார்ந்துவிட்டான். கம்பெனிகளைப் பதில் எழுத விடாத இடத்தில் அந்த நாற்காலி எப்போதும் காலிதான். சரிபார்க்கப்பட்ட அடையாளத்தோடு உண்மையான ஆள் அங்கே இருப்பது வழக்கமானால்தான், போலி வந்தால் சட்டென்று வித்தியாசம் தெரியும். (இப்படி யாராவது மாட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், பணம் கை மாறுவதற்குள் நிறுத்த முடிந்தால் உண்டு.)

போலிகளைப் போலவே மாறுவேஷமும் உண்டு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்பனையாளர் தன்னை வாடிக்கையாளர்போல் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதக் கூடாது என்று தனியாகச் சொல்லித் தடுக்கின்றன. அப்படி நடப்பதால்தானே விதி வந்தது. "நானும் இதே கம்பெனியில் வாங்கினேன், எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று புகாருக்குக் கீழே நாலு பேர் வந்து சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்வாசலைப் பூட்டினால் பின்வாசல் வழியாக வருவார்கள். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்திலேயே போட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆக, பொதுவில் பதில் எழுதுகிறவர் பெயரையும் பதவியையும் போட்டு எழுத வேண்டும் என்று நான் கேட்பது புதிய சுமை ஒன்றும் இல்லை. 'டீம்' என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாரைப் போய்க் கேட்பது?

பதில் எழுத விடும்போது கட்டாயம் போட வேண்டிய ஒரு கோடு, வாடிக்கையாளரின் சொந்த விவரம். டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை, தன்னைக் குறை சொன்ன நோயாளிக்குப் பதில் எழுதுகிறேன் என்று அவருடைய பெயரையும் சிகிச்சை விவரத்தையும் பொதுவில் போட்டுவிட்டது. 2019ல் அமெரிக்க அரசுக்கு 10,000 டாலர் கட்டினார்கள். ஆஸ்பத்திரி என்றில்லை, "இவர் ஏற்கெனவே மூன்று இஎம்ஐ கட்டவில்லை" என்று ஒரு கடன் கம்பெனி பொதுவில் எழுதினால் அந்த மனிதர் தெருவில் நடப்பது எப்படி? புகாருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விவரம் வெளியே வந்தாலும் அந்தக் கம்பெனியின் எழுதும் அனுமதியை எடுத்துவிட வேண்டும் என்பேன். இதில் எனக்கு எந்த நெகிழ்வும் இல்லை.

கேட்டவரின் "யார் வாயைத் திறப்பார்கள்" என்ற பயத்துக்கு ஆராய்ச்சி ஒன்று ஓரளவு பதில் தருகிறது. ப்ரொசெர்பியோ, ஸெர்வாஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டெக்சாஸ் ஹோட்டல்களின் விமர்சனங்களை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். ஹோட்டல் நிர்வாகம் பதில் எழுத ஆரம்பித்த பிறகு விமர்சனங்களின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, சராசரி மதிப்பெண் 0.12 நட்சத்திரம் ஏறியது. குறை சொல்லும் விமர்சனங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, ஆனால் ஒவ்வொன்றும் நீளமாயின. மேனேஜர் படிப்பார் என்று தெரிந்ததும் போகிறபோக்கில் திட்டுகிறவர் ஒதுங்கிக்கொள்கிறார், உண்மையில் பாதிக்கப்பட்டவர் தேதி, அறை எண் சகிதம் விரிவாக எழுதுகிறார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பயந்து ஒதுங்கியவர்களும் அந்தக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கக்கூடும், மறுக்கவில்லை. மிரட்டலைத் தடுக்கும் விதிகள் வேண்டும் என்று மேலே இவ்வளவு நீட்டிச் சொன்னது அவர்களுக்காகத்தான்.

கம்பெனி என்றதும் நமக்குப் பெரிய கட்டடம்தான் கண்முன் வருகிறது. புகாருக்கு ஆளாகிறவர்களில் இரண்டு பேர் வைத்து நடத்தும் தையல் கடையும் உண்டு, மெஸ்ஸும் உண்டு. "இலவசமாக இன்னொரு பிளவுஸ் தைத்துத் தராவிட்டால் கேவலமாக எழுதிவிடுவேன்" என்று மிரட்டப்பட்ட ஒரு அக்கா எங்கள் சங்கத்துக்கு வந்து அழுதார். அவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. அளவு நோட்டில் அந்த வாடிக்கையாளர் தானே எழுதிக் கொடுத்த அளவைக் காட்டி நாலு வரி பதில் எழுதுவது ஒன்றுதான் அவரிடம் இருந்த வழி. அதையும் அடைத்தால் என்ன நியாயம்?

உங்கள் புகாருக்குக் கம்பெனி பதில் எழுதினால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லி விடுகிறேன். முதலில் கணக்கு உண்மையானதா என்று பாருங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பருக்குக் கூப்பிடாமல் பில்லிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள். பதிலைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், அவர்கள் பிறகு திருத்தினாலும் அழித்தாலும் உங்களிடம் இருக்கும். போனில் ஏதாவது வாக்குக் கொடுத்தால், "இன்று இத்தனை மணிக்கு உங்கள் அலுவலர் பேசி, இன்ன தேதிக்குள் சரிசெய்வதாகச் சொன்னார்" என்று அதே இடத்தில் கீழே எழுதிவிடுங்கள். மறுக்க வேண்டுமென்றால் அவர்கள் எழுத்தில் மறுக்கட்டும். கோபத்தில் 'திருட்டுக் கம்பெனி' என்று எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள், வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் கை நடுங்காது. சொன்ன தேதி தாண்டினால் காத்திருக்க வேண்டாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். மனுவோடு வைக்கும் ஆவணங்களில் பில்லுக்கு அடுத்த பக்கத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வையுங்கள்.